சிலிக்கான் சில்லில் மதகு கட்டியவர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

ஏரி நிரம்பினாலும் வற்றினாலும் வாய்க்காலில் ஓடும் நீரின் மட்டம் மாறக் கூடாது. இது பாசனத்தின் பாலபாடம். என் பாட்டனார் எங்கள் ஊர் ஏரிக்கு நீர்ப்பாய்ச்சியாக இருந்தவர். மதகை அடுத்த வாய்க்கால் கல்லில் ஒரு கோடு வெட்டியிருந்தது. நீர் அந்தக் கோட்டைத் தாண்டினால் மதகின் பலகையைச் சற்றே இறக்குவார். கோட்டுக்குக் கீழே போனால் சற்றே தூக்குவார். ஏரி நிரம்பித் தளும்பும் ஐப்பசியிலும், அடிமண் தெரியும் மாசியிலும் கடைமடைக்காரன் வயலுக்கு ஒரே அளவு நீர் போயிற்று. அவர் கைநாட்டுக்காரர், பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. ஆயினும் மின்னணுவியல் பாடத்தில் நான் இன்று படிக்கும் மின்னழுத்தச் சீராக்கியின் தத்துவம் முழுவதும் அவருடைய அன்றாட வேலையில் அடங்கியிருந்தது எனலாம்.

அந்தச் சீராக்கியில் மூன்று உறுப்புகள் உண்டு. கல்லில் வெட்டிய கோட்டைப் போல, எதற்கும் அசையாத ஓர் அளவு மின்னழுத்தம். அந்த அளவையும் வெளியே போகும் மின்னழுத்தத்தையும் ஒப்பிட்டு வேறுபாட்டைக் காணும் ஒரு பெருக்கி. பெருக்கியின் சொற்படி திறந்தும் மூடியும் கொடுக்கும் ஒரு டிரான்சிஸ்டர். கோடு, நீர்ப்பாய்ச்சி, மதகுப் பலகை, அவ்வளவுதான். இம்மூன்றையும் ஒரே சிலிக்கான் சில்லில் செதுக்கி, உலகத்துக் கணிப்பொறிகளுக்கெல்லாம் தடுமாறாத 5 வோல்ட்டை வழங்க வழி செய்த அமெரிக்கப் பொறியாளர் ஒருவரின் வரலாற்றையே இங்கே எழுத முற்படுகின்றேன். அவர் பெயர் ராபர்ட் ஜான் வைட்லர். நண்பர்களுக்குப் பாப் வைட்லர்.

அவரை நான் அறிந்துகொண்டது ஒரு தவற்றினால். சென்ற பருவத்தில் எங்களுக்கு 7805 என்னும் ஐ.சி.யைக் கொண்டு 5 வோல்ட் மின்வழங்கி அமைக்கும் செய்முறை இருந்தது. மூன்றே கால்கள் கொண்ட கருப்புச் சில்லு அது. இரண்டு தேநீர் விலைக்குக் கிடைக்கும். நான் இணைப்புக் கம்பிகளைத் தவறாகச் செருகி வெளிவாயின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட வைத்துவிட்டேன். வோல்ட்மீட்டரின் முள் பூஜ்ஜியத்துக்குச் சரிந்தது. சில்லைத் தொட்டேன், விரல் சுட்டது. போயிற்று என்றே எண்ணினேன். ஆய்வகத்துப் பொருளைக் கெடுத்தால் பணம் கட்ட வேண்டுமோ, வீட்டில் எப்படிக் கேட்பது என்றெல்லாம் மனம் ஓடிற்று. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். தந்தையார் கூலி வேலைக்குச் செல்பவர். முதல் தலைமுறை மாணவனுக்கு ஆய்வகத்தில் ஒரு சில்லுகூடக் கனமாகத்தான் இருக்கும்.

ஆய்வக உதவியாளர் அண்ணன் வந்தார். பார்த்தார்; சிரித்தார். கம்பியைப் பிரித்துவிட்டுச் சற்றுப் பொறுக்கச் சொன்னார். ஒரு நிமிடத்தில் முள் தானே எழுந்து 5 வோல்ட்டில் நின்றது! சில்லுக்குள்ளேயே வெப்பத்தை உணரும் டிரான்சிஸ்டர் ஒன்று இருப்பதும், உள்ளே வெப்பம் ஏறக்குறைய 150 பாகை செல்சியசைத் தாண்டினால் அது மதகை மூடிவிடுவதும், குளிர்ந்தபின் தானே திறந்துவிடுவதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தன. இப்படி ஓர் ஏற்பாட்டை முதலில் எண்ணியவர் யார் என்று பேராசிரியரிடம் கேட்டேன். 7805 பின்னால் வந்தது என்றும், அதற்கு முன்னோடி எல்.எம்.109 என்றும், அதன் ஆசிரியர் வைட்லர் என்றும் கூறினார். கூறிவிட்டு, அவர் ஒரு மாதிரியான மனிதர் என்று புன்னகைத்தார். அந்தப் புன்னகையின் பொருள் பின்னர் விளங்கிற்று.

அமெரிக்க நாட்டின் ஓகையோ மாநிலத்தில் ஈரி ஏரிக் கரையில் உள்ள கிளீவ்லாந்து நகரில் 1937ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30ஆம் நாள் வைட்லர் பிறந்தார். தாயார் மேரி, செக் நாட்டிலிருந்து குடியேறிய குடும்பத்தின் பெண். தந்தையார் வால்டர் வைட்லர், அந்நகர வானொலி நிலையம் ஒன்றில் பொறியாளர்; தாமே முயன்று கற்றுத் தேர்ந்தவர்; மீ உயர் அதிர்வெண் ஒலிபரப்பிகளை உருவாக்கியவர். தொட்டிலில் கிடந்த குழந்தையின் அழுகையை வானொலி அலை வழியாகக் கேட்கும் ஏற்பாட்டையும் அந்த வீட்டில் செய்திருந்தார்களாம். தொட்டிலில் இருந்தவர் வைட்லரின் சகோதரர் ஒருவர். நம் வீட்டில் சேலைத் தூளியும் ஒரு கயிறும் செய்யும் வேலையை அங்கே வால்வுகள் செய்தன போலும்! இத்தகைய வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு மின்னணுவியல் தாய்மொழியாகவே அமைந்தது. ஆனால் தம் இளமைக் காலத்தைப் பற்றி அவர் பிற்காலத்தில் யாரிடமும் மனம் திறந்து பேசியதில்லை.

பள்ளிப் படிப்புக்குப் பின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1958இல் அமெரிக்க விமானப் படையில் சேர்ந்து வீரர்களுக்கு மின்னணுக் கருவிகளைப் பற்றிப் பாடம் நடத்தினார். அதற்கென அவர் எழுதிய குறைகடத்திச் சாதனங்கள் பற்றிய அறிமுக நூல் 1960இல் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 22. ஏறத்தாழ என் வயது! 1961இல் படையிலிருந்து விலகி, போல்டர் நகரத்தில் விண்வெளி ஆய்வுக்கான கருவிகளைச் செய்த பால் பிரதர்ஸ் என்னும் ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே விட்ட படிப்பைத் தொடர்ந்தார். 1963 கோடையில் நல்ல மதிப்பெண்களுடன் பட்டம் பெற்றார். பகலில் வேலையும் மாலையில் படிப்பும் என்றால் என்ன என்பது நம் கல்லூரியில் பலருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அதே ஆண்டு செப்டம்பரில் கலிபோர்னியாவின் பேர்சைல்டு செமிகண்டக்டர் நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தார். சேர்ந்த கதையே வேடிக்கையானது. நேர்காணலுக்கு மது அருந்திவிட்டு வந்தாராம். அவர்களுடைய தொகுப்புச் சுற்றுகளைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று கேட்கப்பட்டபோது, மிக மட்டமானவை என்று ஒளிவுமறைவின்றிச் சொன்னாராம். ஒரு பிரிவு வேண்டாம் என்றது. இன்னொரு பிரிவு எடுத்துக்கொண்டது. அங்கே சில்லுகளை வார்க்கும் முறையில் வல்லவரான டேவிட் டால்பெர்ட் என்பவர் அவருக்குத் துணையாக அமைந்தார். இவர் வரைவார், அவர் வார்ப்பார். கொல்லனும் தச்சனும் கூடி ஏர் செய்ததைப் போல.

அக்காலத்தில் தொகுப்புச் சுற்று என்பது பிறந்து சில ஆண்டுகளே ஆன குழந்தை. தனித்தனி உறுப்புகளைக் கொண்டு பலகையில் செய்த சுற்றை அப்படியே சுருக்கிச் சிலிக்கானில் பதிக்கவே எல்லாரும் முயன்றார்கள். அது சரிவரவில்லை. சிலிக்கானில் பெரிய மின்தடை செய்தால் இடத்தை அடைத்துக்கொள்ளும். அதன் மதிப்பும் துல்லியமாக வராது. பெரிய மின்தேக்கி செய்யவே முடியாது. வைட்லர் இந்தக் குறையை வேறு கண்ணால் பார்த்தார். ஒரே சில்லில், ஒரே உலையில், பக்கத்தில் பக்கத்தில் பிறந்த இரண்டு டிரான்சிஸ்டர்கள் இரட்டைப் பிள்ளைகளைப் போன்றவை. ஒன்று சூடானால் மற்றதும் சூடாகும். ஒன்றின் குணம் மாறினால் மற்றதன் குணமும் அதே அளவு மாறும். ஒவ்வொன்றும் எத்தகையது என்பது நமக்குத் தெரியாவிட்டாலும், இரண்டும் ஒன்று போலிருக்கும் என்பது உறுதி. இந்த ஒற்றுமையையே கருவியாகக் கொண்டு வரைந்தால் என்ன? வைட்லரின் வாழ்நாள் சாதனை முழுவதும் இந்த ஒரு வினாவிலிருந்து கிளைத்தது என்றால் மிகையாகாது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 வோல்ட்டிலிருந்து 10 மைக்ரோ ஆம்பியர் மின்னோட்டம் வேண்டுமென்றால் ஓம் விதிப்படி 10 இலட்சம் ஓம் மின்தடை வேண்டும். சில்லில் அதற்கு இடமில்லை. வைட்லர் என்ன செய்தார்? இரட்டை டிரான்சிஸ்டர்களில் ஒன்றில் 1 மில்லி ஆம்பியர் ஓட விட்டார். மற்றதன் உமிழ்ப்பானில் ஒரு சிறு மின்தடையை வைத்தார். இரு மின்னோட்டங்களின் விகிதம் 100. அந்த விகிதத்தின் இயல் மடக்கை சுமார் 4.6; அறை வெப்பத்தில் வெப்ப மின்னழுத்தம் 26 மில்லி வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 120 மில்லி வோல்ட். அதை 10 மைக்ரோ ஆம்பியரால் வகுத்தால் 12 ஆயிரம் ஓம். பத்து இலட்சம் எங்கே, பன்னிரண்டு ஆயிரம் எங்கே! வைட்லர் மின்னோட்ட மூலம் என்று இன்றும் பாடநூல்களில் அவர் பெயராலேயே வழங்கும் சுற்று இதுதான். முதலாண்டில் டயோடு சமன்பாட்டை மனப்பாடம் செய்தபோது இது எதற்குப் பயன்படும் என்று சலித்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

1964இல் மியூ ஏ 702, 1965இல் மியூ ஏ 709 என இரண்டு செயல்பாட்டுப் பெருக்கிகள் அவர் கையிலிருந்து வெளிவந்தன. முன்னது ஒரே சில்லில் அமைந்த முதல் செயல்பாட்டுப் பெருக்கி. பின்னது சந்தையில் பெரும் வெற்றி பெற்றது. 30 வயது நிரம்புமுன்பே தம் துறையில் அவருக்கு நிகர் அவரே என்னும் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் அந்த வெற்றிக்கு ஏற்ற ஊதியம் தமக்குக் கிட்டவில்லை என்று அவர் கருதினார். டால்பெர்ட்டுடன் நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தின் துணை நிறுவனமான மாலெக்ட்ரோவுக்குப் பெயர்ந்தார். விலகுவோர் நிரப்ப வேண்டிய பல பக்கப் படிவத்தில், தாம் பணக்காரராக விரும்புவதாக ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தாராம். இதைச் சிலர் பேராசை என்பர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. தம் உழைப்பின் விலையை அறிந்து அதை வாய் திறந்து கேட்டவர்களை எங்கள் தெருவில் நான் அதிகம் கண்டதில்லை. அதனாலோ என்னவோ, அந்த வரியைப் படித்தபோது மனம் நிறைந்தது.

புதிய இடத்தில் அவர் முதலில் எடுத்துக்கொண்ட பொருள் மின்னழுத்தச் சீராக்கி. பெருக்கியைச் செய்தவர் மின்வழங்கிக்கு ஏன் வந்தார் என்று கேட்கலாம். மின்வழங்கி இல்லாத கருவி எங்கே இருக்கிறது? அதுவரை ஒவ்வொரு பொறியாளரும் டிரான்சிஸ்டர், ஜெனர் டயோடு, மின்தடைகள் ஆகியவற்றைப் பொறுக்கிச் சேர்த்துத் தமக்கு வேண்டிய சீராக்கியைத் தாமே செய்துகொண்டிருந்தார்கள். 1967இல் வெளிவந்த எல்.எம்.100, தொகுப்புச் சுற்றாக அமைந்த முதல் மின்னழுத்தச் சீராக்கி. 2 வோல்ட் முதல் 30 வோல்ட் வரை வேண்டிய அளவுக்கு அதை அமைத்துக்கொள்ளலாம். சில்லை வரைந்ததோடு அவர் நிற்கவில்லை. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கும் குறிப்பையும் அவரே எழுதினார். நேஷனல் வெளியிட்ட பயன்பாட்டுக் குறிப்புகளில் எண் 1 அதுவே.

ஆனாலும் எல்.எம்.100 தனியாகப் பெரும் மின்னோட்டத்தைத் தாங்காது. ஆம்பியர் கணக்கில் வேண்டுமென்றால் வெளியே ஒரு பெரிய டிரான்சிஸ்டரை இணைக்க வேண்டும். மின்தடைகளும் மின்தேக்கியும் வெளியே வேண்டும். இதற்குள் உலகம் வேறு திசையில் ஓடத் தொடங்கியிருந்தது. கணிப்பொறிகளில் டி.டி.எல். வகைச் சில்லுகள் நிறைந்தன. அவற்றுக்கு 5 வோல்ட் வேண்டும், 4.75க்குக் குறையக் கூடாது, 5.25ஐத் தாண்டக் கூடாது. பெரிய மின்வழங்கி ஒன்றை ஓரிடத்தில் வைத்து நீண்ட கம்பிகள் வழியே பல பலகைகளுக்கு அனுப்பினால், கம்பியின் மின்தடையால் கடைசிப் பலகையில் மின்னழுத்தம் குறையும். ஒரு பலகையின் இரைச்சல் மற்றதைக் கெடுக்கும். மின்மாற்றியிலிருந்து தொலைவில் உள்ள எங்கள் தெருவில், மாலையில் பம்பு செட்டுகள் ஓடத் தொடங்கியதும் குண்டு பல்பு செம்பருத்தி நிறத்துக்கு இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். கடைமடையின் துயரம் கணிப்பொறிக்குள்ளும் உண்டு என்று அறிந்தபோது வியப்பாக இருந்தது.

இதற்குத் தீர்வு, ஒவ்வொரு பலகையிலும் தனித்தனி மதகு வைப்பது. அதற்குச் சீராக்கி மலிவாகவும் சிறியதாகவும் இருக்க வேண்டும்; மூன்று கால்களுக்கு மேல் இருக்கக் கூடாது; 1 ஆம்பியர் தர வேண்டும்; யாராவது என்னைப் போன்றவன் கம்பியைத் தொட வைத்துவிட்டாலும் சாகக் கூடாது. இங்கேதான் பெரிய முட்டுக்கட்டை வந்தது. அளவு மின்னழுத்தத்துக்கு அதுவரை ஜெனர் டயோடு பயன்பட்டு வந்தது. சில்லில் செய்யும் ஜெனரின் மின்னழுத்தம் 6 வோல்ட்டுக்கு மேல். 5 வோல்ட் தர வேண்டிய சீராக்கிக்கு உள்ளே வரும் மின்னழுத்தம் சில வேளை 7 வோல்ட்டாக இறங்கும். 6 வோல்ட்டுக்கு மேலான ஜெனரை இயக்க அதில் போதிய மிச்சம் ஏது? போதாததற்கு ஜெனரில் இரைச்சலும் அதிகம். அதோடு, அதே சில்லில் பக்கத்திலேயே ஓர் ஆம்பியரைச் சுமக்கும் டிரான்சிஸ்டர் கொதித்துக்கொண்டிருக்கும். அந்த அனலில் அளவுக்கோடு அசையாமல் நிற்க வேண்டும்.

வெயிலில் சுருங்காத, மழையில் ஊறாத அளவுக்கோலுக்கு எங்கே போவது? வைட்லர் கண்ட வழி இது. டிரான்சிஸ்டரின் அடிவாய்க்கும் உமிழ்ப்பானுக்கும் இடையிலுள்ள மின்னழுத்தம் சுமார் 0.6 வோல்ட், வெப்பம் ஒரு பாகை ஏறினால் அது ஏறக்குறைய 2 மில்லி வோல்ட் குறையும். இது ஒரு குறை. இரட்டை டிரான்சிஸ்டர்களில் 10க்கு 1 என்ற விகிதத்தில் மின்னோட்ட அடர்த்தியை வைத்தால், அவற்றின் மின்னழுத்த வேறுபாடு 60 மில்லி வோல்ட். வெப்பம் ஏறினால் அது ஏறும், பாகைக்கு 0.2 மில்லி வோல்ட். இதுவும் ஒரு குறைதான். ஆனால் இந்த இரண்டாவது குறையைப் பத்து மடங்கு பெருக்கினால் 0.6 வோல்ட் ஆகும். ஏற்றமும் பாகைக்கு 2 மில்லி வோல்ட் ஆகும். இரண்டையும் கூட்டுங்கள். ஒன்றின் இறக்கத்தை மற்றதன் ஏற்றம் விழுங்கிவிடுகிறது. எஞ்சுவது சுமார் 1.2 வோல்ட். அது வெப்பத்துக்கு ஏறக்குறைய அசைவதே இல்லை. அந்த 1.2 வோல்ட் எங்கிருந்து வந்தது தெரியுமா? சிலிக்கான் என்னும் தனிமத்தின் ஆற்றல் இடைவெளியைத் தனிச்சுழி வெப்பநிலைக்கு நீட்டிக் கணித்தால் கிடைக்கும் மதிப்பு அது. ஆலையில் யாரும் வெட்டிய கோடு அன்று. இயற்கையே சிலிக்கானுக்குள் வெட்டி வைத்த கோடு.

நீதியாகச் சொல்ல வேண்டுமானால், இந்தக் கருத்தை 1964லேயே பேர்சைல்டைச் சேர்ந்த டேவிட் ஹில்பைபர் என்பவர் ஒரு மாநாட்டில் அறிவித்திருந்தார். அவர் முறைக்குப் பல டிரான்சிஸ்டர்களை அடுக்க வேண்டியிருந்தது. விற்பனைக்குரிய சில்லில் அதைச் சுருக்கிச் செயலாக்கிக் காட்டியவர் வைட்லர். பின்னர் 1974இல் பால் புரோக்கா என்பவர் இன்னும் எளிய வடிவம் ஒன்றைத் தந்தார். கண்டுபிடிப்பு என்பது பெரும்பாலும் பலர் கைமாறி வரும் குடம்தான். நம் பாடநூல்கள் ஒருவர் பெயரை மட்டும் அச்சிட்டுவிடுகின்றன.

இந்தத் தத்துவத்தைக் கொண்டு பிறந்ததே எல்.எம்.109. 5 வோல்ட், 1 ஆம்பியருக்கு மேல், மூன்றே முனைகள். மின்னோட்டத்துக்கு ஓர் எல்லை; வெப்பத்துக்கு ஓர் எல்லை. ஜெனர் கிடையாது. 1970ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடந்த திண்மநிலைச் சுற்றுகள் மாநாட்டில் அதன் உட்பொருளை அவர் விளக்கினார். 1971இல் அளவு மின்னழுத்தத்தை மட்டும் தனியே தரும் எல்.எம்.113 வந்தது. மற்ற நிறுவனங்கள் அதே வழியில் நடந்தன. நம் ஆய்வகத்து 7805 அவ்வழியில் வந்த பேர்சைல்டின் பிள்ளை. 1975இல் வெளிவந்த ஆல்டேர் என்னும் சிறு கணிப்பொறியில், சீராக்கப்படாத 8 வோல்ட்டைப் பொதுவாக அனுப்பிவிட்டு, ஒவ்வொரு பலகையிலும் ஒரு மூன்றுகால் சீராக்கியை வைத்தார்கள். பலகைக்கு ஒரு மதகு!

இனி அந்தப் புன்னகைக்கு வருவோம். வைட்லரைப் பற்றி எழுதுவோர் எல்லாரும் அவருடைய குறும்புகளை விரும்பிச் சொல்வார்கள். பழுதான சில்லு ஒன்று தம்மை நாள் கணக்கில் அலைக்கழித்தால், அதைப் பட்டடையில் வைத்துச் சம்மட்டியால் தூள் தூளாகும் வரை அடிப்பார். தம் அறையில் யாராவது உரக்கப் பேசினால் அந்த ஒலியை உணர்ந்து காதைத் துளைக்கும் கீச்சொலியை எழுப்பும் கருவி ஒன்றைச் செய்து வைத்திருந்தார். பேசுபவர் குரலைத் தாழ்த்தினால் கீச்சொலியும் அடங்கும். ஏன் என்று தெரியாமலே வந்தவர்கள் மெதுவாகப் பேசக் கற்றுக்கொண்டார்களாம். 1970இல் நேஷனல் நிறுவனம் செலவைக் குறைக்க எண்ணி முற்றத்துப் புல்லை வெட்டுவதை நிறுத்தியபோது, தம் மெர்சிடஸ் காரில் ஓர் ஆட்டை ஏற்றிக் கொண்டுவந்து நிறுவன வாசலில் மேய விட்டார். புல்லுக்கு ஆடு என்பது நமக்குப் புதிய செய்தி இல்லை. அந்த ஊர்ப் பத்திரிகைக்காரர்களுக்குப் பெரிய செய்தியாக இருந்தது.

குடியும் இந்தக் கதைகளோடு சேர்ந்தே வரும். மிகுதியாகக் குடித்தார். வேலைக்கும் குடித்துவிட்டு வருவார். குடித்த நிலையில் அவர் ஆடிய கூத்துகளை நூல்களில் நகைச்சுவையாக எழுதியிருக்கிறார்கள். அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் தெருவில் குடியைப் பற்றிய கதைகள் சிரிப்பில் முடிவதில்லை. மேதை என்பதால் அவருக்கு மன்னிக்கப்பட்டது, வேறொருவர் செய்தால் அன்றே வேலை போயிருக்கும். இப்படிப்பட்டவரைப் பற்றிக் கல்லூரி மலரில் எழுதலாமா என்று தயங்கி ஆசிரியரிடம் கேட்டேன். குறையை மறைத்தும் எழுதாதே, குறைக்காகப் பெருமையைக் குறைத்தும் எழுதாதே என்னும் பொருள்படச் சொன்னார். குடித்ததால் அவர் மேதையானார் என்பது போல எழுதும் சிலரோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. டயோடு சமன்பாட்டைக் கண்ணாடி போலத் தெளிந்த மூளையே அப்படிக் கையாள முடியும். அவர் வரைந்த எல்.எம்.109இன் சுற்றுப் படத்தை மூன்று மாலைப் பொழுதுகள் உட்கார்ந்து படித்தேன். அதில் ஒரு மின்தடை கூட வீணாக இல்லை.

1970ஆம் ஆண்டின் இறுதியில், 33ஆம் அகவையில், தம் பங்குகளை விற்றுவிட்டு வேலையிலிருந்து விலகினார். சுமார் 10 இலட்சம் டாலர் கிடைத்தது. படிவத்தில் எழுதியது பலித்தது! மெக்சிகோ நாட்டின் பசிபிக் கடற்கரையில் உள்ள புயெர்ட்டோ வல்லார்ட்டா என்னும் ஊரில் குடியேறினார். சில ஆண்டுகள் அமைதியாக இருந்தார். பிறகு கை சும்மா இருக்கவில்லை. 1974 முதல் நேஷனலுக்கு ஆலோசகராக, தம் ஊரில் இருந்துகொண்டே சில்லுகளை வரைந்து தந்தார். அவற்றுள் எல்.எம்.10 என்பது அருமையானது. 1.1 வோல்ட்டிலேயே இயங்கும்; அதாவது ஏறத்தாழத் தீர்ந்துபோன ஒற்றை பேட்டரி போதும். பெருக்கியும் 200 மில்லி வோல்ட் அளவு மின்னழுத்தமும் அதற்குள்ளேயே உண்டு. 1.2 வோல்ட்டைக் கண்டவர், இருக்கும் மின்னழுத்தமே அதற்கும் குறைவாகப் போனால் என்ன செய்வது என்று எண்ணிப் பார்த்ததன் விளைவு அது. 1981இல் ராபர்ட் ஸ்வான்சன், ராபர்ட் டாப்கின் ஆகியோருடன் லீனியர் டெக்னாலஜி நிறுவனத்தின் தொடக்கத்தில் பங்கேற்றார். அங்கே மனத்தாங்கல் ஏற்பட்டு 1984இல் பிரிந்தார். மீண்டும் நேஷனலுக்கு வரைந்தார்.

இந்த வகைச் சீராக்கிக்கு ஒரு குறை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். மிச்ச மின்னழுத்தத்தை அது வெப்பமாக எரித்துவிடும். 8 வோல்ட்டை வாங்கி 5 வோல்ட்டில் 1 ஆம்பியர் தந்தால், 8 வாட்டில் 3 வாட் சூடாகப் போகும். மதகு நீரைத் தடுக்கும், சேமிக்காது. ஆகவே பேட்டரியில் ஓடும் கருவிகளுக்கு, மின்சுருளில் ஆற்றலைத் தேக்கி நொடிக்கு இலட்சக்கணக்கான முறை திறந்து மூடும் சீராக்கிகள் வந்தன. நம் சட்டைப் பையில் உள்ள கைபேசியில் பவர் மேனேஜ்மெண்ட் ஐ.சி. என்று ஒரு சில்லு இருக்கிறது. 4.2 வோல்ட்டிலிருந்து 3 வோல்ட் வரை இறங்கிக்கொண்டே போகும் ஒற்றை லித்தியம் பேட்டரியிலிருந்து, செயலிக்கு 1 வோல்ட்டுக்கும் குறைவாக, நினைவகத்துக்கு வேறாக, கேமராவுக்கு வேறாக எனப் பல மின்னழுத்தங்களை அது பிரித்துத் தருகிறது. எதை முதலில் எழுப்புவது, எதைக் கடைசியில் உறங்க வைப்பது என்ற முறையும் அதனிடமே. ஏரிக்கு ஒரு மதகு என்பது போய், ஒரு கண்மாய்ப் பாசனம் முழுவதும் நகத்தளவு இடத்துக்குள் அடங்கிவிட்டது. அந்தச் சில்லுக்குள்ளும், எல்லா மதகுகளுக்கும் பொதுவான அளவுக்கோடாக, ஏறுவதும் இறங்குவதும் சேர்ந்து நிற்கும் 1.2 வோல்ட் சுற்று ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறது.

வைட்லர் கைபேசியைக் காண இருக்கவில்லை. 1991ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 27ஆம் நாள், புயெர்ட்டோ வல்லார்ட்டாவில் ஓடிக்கொண்டிருந்தபோது மாரடைப்பால் இறந்தார். வயது 53. குடியால் இறந்தார் என்று பலர் கருதினர். அவரோடு பழகியவர்கள் அதை மறுத்தார்கள். கடைசி ஆண்டுகளில் குடியைப் பெரிதும் குறைத்து, உடற்பயிற்சியில் ஈடுபட்டிருந்தார் என்றார்கள். இதைப் படித்தபோது என் தாயாரிடம் சொன்னேன். வைட்லர் யார் என்று அவருக்குத் தெரியாது. கேட்டுவிட்டு, நல்ல வேளை என்றது போலத் தலையசைத்தார். 2009இல் அமெரிக்காவின் தேசிய கண்டுபிடிப்பாளர் மன்றத்தில் வைட்லரின் பெயர் சேர்க்கப்பட்டது. அவர் உழைத்த நிறுவனங்கள் ஒவ்வொன்றாகப் பிறர் கைக்குப் போயின. நேஷனலை 2011இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வாங்கிற்று. பேர்சைல்டு 2016இலும் லீனியர் 2017இலும் கைமாறின.

இக்கட்டுரைக்காகக் கேட்டதன் பேரில் ஆய்வக உதவியாளர் அண்ணன் பழைய பெட்டி ஒன்றைத் தேடிப் பார்த்தார். துருப்பிடித்த திருகுகளுக்கு நடுவே எல்.எம்.309 ஒன்று கிடைத்தது, எல்.எம்.109இன் தம்பி. கருப்பு நெகிழி இல்லை. தடித்த உலோகத் தொப்பி. கீழே இரண்டு கால்கள். உறையே மூன்றாவது முனை. மேலே அச்சிட்டிருந்த எழுத்துகள் பாதி அழிந்துவிட்டன. துணியால் துடைத்து, முனைகளைச் சுரண்டி, 9 வோல்ட் கொடுத்தோம். முள் எழுந்து 5ஐத் தொட்டு நின்றது. 4.98 என்று ஏட்டில் குறித்துக்கொண்டேன்.